திருப்பண்டங்களை ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்னதான் தெரியும்?

முத்துக்குளித்துறை:

2024 டிசம்பரில் குடும்பத்தோடு பழைய கோவாவுக்குப் போய், அழியாத உடல் என்று போற்றும் புனித சவேரியாரின் உடலைப் பார்த்துவிட்டு வந்தோம். பத்து வருடத்துக்கு ஒருமுறைதானே வெளியே வைக்கிறார்கள், எங்கள் கடற்கரையில் சவேரியார் பெயர் வைக்காத தெருவே கிடையாது, போகாமல் இருக்க முடியுமா. அவ்வளவு நேரம் வரிசையில் நின்றும் பேழைக்கு முன்னால் கால் நிமிடம் நிற்க விடவில்லை, அது வேறு கதை. திரும்பி வரும்போது ரயிலில் மச்சான் ஆரம்பித்தார். ஐரோப்பாவில் கோவிலுக்குக் கோவில் எலும்பு, பல், மண்டையோடு என்று வைத்திருக்கிறார்களே, இதையெல்லாம் யாராவது சோதித்துப் பார்த்தார்களா, பார்த்தால் எத்தனை தேறும் என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்து பாதி வழி பேசவே இல்லை.

அதனால் கேட்கிறேன். திருப்பண்டங்களை (புனிதர்களின் எலும்பு, உடல் போன்றவை, அருளிக்கம் என்றும் சொல்வோம்) அறிவியல் முறைப்படி சோதித்திருக்கிறார்களா? சோதித்தால் என்ன தெரியும்? சண்டை வேண்டாம், ரயிலிலேயே போதும் போதும் என்றாகிவிட்டது.

கறுப்பு மை:

சோதித்து மாட்டிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது, மச்சானுக்குப் பிடிக்கும். பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431இல் ரூவான் நகரில் எரித்தார்கள். 1867இல் பாரிஸில் ஒரு மருந்துக்கடைப் பரணில் ஒரு குப்பி கிடைத்தது, ஜோனை எரித்த இடத்தின் அடியில் எடுத்தவை என்று ஒரு சீட்டோடு. உள்ளே கரிந்த விலா எலும்பு, கரித்துண்டுகள், கொஞ்சம் துணி, ஒரு பூனையின் தொடை எலும்பு. பூனை எதற்கு? சூனியக்காரியை எரிக்கும்போது கறுப்புப் பூனையையும் தீயில் போடுவது வழக்கமாம். ஆக, பூனையும் சாட்சியாகிவிட்டது!

2006இல் பிலிப் ஷார்லியே என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு குழுவோடு அந்தக் குப்பியை ஆராய்ந்தார். விலா எலும்பு எகிப்திய மம்மியுடையது, பூனையும் மம்மிப் பூனை. காலம் கி.மு. 6 முதல் 3ஆம் நூற்றாண்டு. கறுப்பாக இருந்தது தீயால் அல்ல, மம்மிக்குப் பூசிய பிசினால். இதில் எனக்குப் பிடித்தது, வாசனைத் திரவியக் கம்பெனிகளில் மூக்கை வைத்தே பிழைக்கும் இரண்டு நிபுணர்களைக் கூப்பிட்டு அவர் முகரச் சொன்னது. வெனிலா வாசனை அடிக்கிறது என்றார்கள். உடல் மெல்ல மக்கும்போது வெனிலின் உண்டாகும், எரிந்த உடலில் உண்டாகாது. அந்தக் காலத்து ஐரோப்பிய மருந்துக்கடைகளில் மம்மித் தூளை மருந்தாக விற்றார்கள், எனவே பரணில் மம்மி கிடந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஓய்வு வாத்தியார்:

கறுப்பு மை தம்பி, கதை சரிதான். ஆனால் 'மாட்டிக்கொண்ட' என்கிறீர்களே, யார் மாட்டிக்கொண்டது? அந்தக் குப்பி திருச்சபைக்குச் சொந்தமானது, அவர்கள் சம்மதம் இல்லாமல் மூடியைத் திறந்திருக்க முடியாது. நீங்கள் நினைக்கிற மாதிரி யாரும் ஓடி ஒளியவில்லை. 2017 டிசம்பரில் வத்திக்கான் இதற்கென்றே ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பேழையை யார் அனுமதியோடு திறக்க வேண்டும், எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று நடைமுறை எல்லாம் அதில் இருக்கிறது. திருப்பண்டத்தை விற்கக் கூடாது என்பது அதற்கு முன்பே திருச்சபைச் சட்டம்.

நான் பையனாக இருந்தபோது, 1968இல், பாப்பரசர் ஆறாம் பவுல் இராயப்பரின் எலும்பு அடையாளம் காணப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். (இப்போது பேதுரு என்கிறீர்கள், எனக்கு இராயப்பர்தான்.) எங்கள் பங்குச் சாமியார் பூசையில் அதை வாசித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பின்னால் நடந்ததை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். வத்திக்கானில் இராயப்பர் பேராலயத்தின் அடியில் தோண்டியபோது முதலில் கிடைத்த எலும்புகளைத்தான் பல வருடம் இராயப்பருடையது என்று எண்ணி வைத்திருந்தார்கள். வெனராண்டோ கொரென்ட்டி என்ற மானுடவியல் பேராசிரியர் பிரித்துப் பார்த்தால் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள், போதாததற்கு ஆடு, மாடு, சேவல் எலும்புகள்! அப்புறம் மார்கெரித்தா குவார்துச்சி என்ற கல்வெட்டு அறிஞர், சுவர்ப் பொந்து ஒன்றிலிருந்து எடுத்து ஒரு பெட்டியில் போட்டு மறந்துபோன இன்னொரு தொகுதியைச் சுட்டிக்காட்டினார். அது ஒரே ஆள், திடகாத்திரமான ஆண், 60 முதல் 70 வயது. பாப்பரசர் அறிவித்தது இதைத்தான். அங்கே தோண்டிய குழுவில் இருந்த அந்தோனியோ ஃபெர்ருவா என்ற இயேசு சபைக் குருவே கடைசிவரை இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கரிமம்_14:

நான் சில வருடம் எலும்பு மாதிரிகள் தயார் செய்யும் வேலையில் இருந்தேன், புனிதர் யாரும் என் மேசைக்கு வந்ததில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எலும்பைக் கொடுத்தால் அது தன் பெயரைச் சொல்லாது. ஆணா பெண்ணா, எந்த வயதில் போனார், எந்த நூற்றாண்டு, தாய்வழியில் எந்தப் பக்கத்து ஆள், என்ன நோய் இருந்தது, இவ்வளவுதான். அதனால் 'இது அவர் இல்லை' என்று அடித்துச் சொல்ல முடியும். எலும்பை மட்டும் வைத்து 'இது அவர்தான்' என்று சொல்லவே முடியாது, அதிகம் போனால் 'அவராக இருக்கலாம், தடை ஒன்றும் தெரியவில்லை'. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மச்சானோடும் சண்டை வராது, அம்மாவோடும் வராது.

எனக்குத் தெரிந்து இதை ஒழுங்காகச் செய்த வேலை என்றால் லூக்கா நற்செய்தியாளருடையதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரபு என்ன சொல்கிறது என்றால், லூக்கா ஒரு வைத்தியர், சிரியாவின் அந்தியோக்கியாவில் பிறந்தவர், கிரேக்க நாட்டில் இறந்தார், 4ஆம் நூற்றாண்டில் உடலைக் கான்ஸ்டான்டினோபிளுக்கு (இன்றைய துருக்கியின் இஸ்தான்புல்) கொண்டுபோனார்கள், அங்கிருந்து அது எப்படியோ இத்தாலியின் பதுவா நகருக்கு வந்தது. (ஆமாம், நம் அந்தோனியார் ஊர்தான், ஆனால் இது வேறு கோவில், சாந்த ஜியுஸ்தினா.) 1992இல் கிரேக்கத்தின் தேபஸ் நகர ஆர்த்தடாக்ஸ் ஆயர் ஐரோனிமோஸ், எங்கள் ஊரில் லூக்காவின் வெறும் கல்லறை இருக்கிறது, அதில் வைக்க ஒரு துண்டு தருவீர்களா என்று பதுவா ஆயருக்குக் கடிதம் எழுதினார். கொடுப்பதற்கு முன்னால் இது யார் என்று பார்த்துவிடுவோம் என்று பதுவா ஆயர் முடிவு செய்தார். 1998 செப்டம்பரில் ஈயப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தலை இல்லாத எலும்புக்கூடு.

தலை எங்கே? பிராக் நகரில். 1354இல் பேரரசர் 4ஆம் சார்லஸ் எடுத்துப்போய் அங்குள்ள கதீட்ரலில் வைத்தது. அந்த மண்டையோட்டைப் பதுவாவுக்கு வரவழைத்து, கழுத்தின் மேல் முள்ளெலும்பில் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தியது. 600 வருடத்துக்கு மேல் இரண்டு நாட்டில் பிரிந்து கிடந்த உடல்! இதற்கு டிஎன்ஏ எதுவும் வேண்டாம், உடற்கூறு படித்த கண்ணும் கையும் போதும்.

ஆள் 70 வயது தாண்டிய ஆண். எலும்பு நன்றாகத் தேய்ந்து மெலிந்திருக்கிறது, முதுகெலும்பில் மூட்டுவாதம், விலா எலும்புகளின் வளைவைப் பார்த்தால் நுரையீரல் உப்பியிருந்திருக்கும் என்றார்கள். கார்பன் கணக்கு (எலும்பில் மிச்சமிருக்கும் கார்பன்-14ஐ அளந்து காலம் சொல்வது) கி.பி. 72 முதல் 416 வரை எங்கோ ஒரு இடம் என்றது. கடைசியில் இரண்டு பற்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ (தாய்வழியில் மட்டும் வருவது) எடுத்து, குயிதோ பார்புஜானி என்ற மரபியலாளரின் குழு 2001இல் முடிவை வெளியிட்டது. இன்றைய சிரியா, கிரேக்கம், துருக்கி மக்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டதில், கிரேக்கர் என்பதை ஒதுக்கலாம், சிரியராக இருக்க நல்ல வாய்ப்பு, ஆனால் துருக்கிப் பக்கத்து ஆள் என்பதையும் ஒதுக்க முடியவில்லை. அதாவது கிரேக்கத்தில் யாரோ உள்ளூர் ஆளின் உடலை மாற்றி வைத்திருப்பார்கள் என்ற சந்தேகம் போனது, கான்ஸ்டான்டினோபிளில் மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் அப்படியே நிற்கிறது. ஆய்வுக் கட்டுரையிலேயே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். பதுவா ஆயர் ஒரு விலா எலும்பைத் தேபஸுக்குக் கொடுத்துவிட்டார்.

கறுப்பு மை:

கரிமம் அண்ணா, ஒரு குறுக்குக் கேள்வி. அந்தியோக்கியா இன்று துருக்கியில்தானே இருக்கிறது? அப்புறம் துருக்கி ஆள், சிரியா ஆள் என்று பிரிப்பதில் என்ன அர்த்தம்?

கரிமம்_14:

நல்ல பிடி. எல்லைக்கோடு நேற்றுப் போட்டது, மனிதர்கள் அதற்கு முன்பே கலந்தவர்கள். அதனால்தான் அந்த இரண்டுக்கும் நடுவே கணக்கு தடுமாறுகிறது. இன்றைய மக்களை வைத்து 1,700, 1,900 வருடத்துக்கு முந்தைய ஒருவரின் ஊரைச் சொல்வதில் இந்தப் பலவீனம் எப்போதும் இருக்கும். அதுவும் தாய்வழி டிஎன்ஏ என்பது ஒரே ஒரு நூல், அம்மா, அம்மாவின் அம்மா என்று நேராகப் பின்னால் போகும், மற்ற முன்னோர் யாரும் அதில் வர மாட்டார்கள்.

மலர்_பனாஜி:

கோவா என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். முத்து அண்ணா, சவேரியாரைப் பார்த்தீர்கள் சரி, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குன்றின் மேல் பாதி இடிந்த ஒரு கோபுரம் நிற்குமே, அதைப் பார்த்தீர்களா? அகஸ்தீன் சபையாரின் மடம் இருந்த இடம். இந்தியாவில் நடந்த திருப்பண்ட ஆய்வு என்றால் அதுதான், யாரும் இன்னும் சொல்லவில்லையே.

ஜார்ஜியா நாட்டு அரசி கெத்தேவான். பாரசீக அரசர் ஷா அப்பாஸ் காலத்தில் மதம் மாற மறுத்ததற்காக 1624இல் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அங்கே இருந்த போர்ச்சுகீசிய அகஸ்தீன் குருக்கள் அவருடைய எலும்பில் கொஞ்சத்தை எடுத்து 1627இல் கோவாவுக்கு அனுப்பினார்கள். மடத்தில் எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் கல்பெட்டியில் வைத்தார்கள் என்பதுவரை போர்ச்சுகீசிய ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் மடமே இடிந்து மண்ணாகிவிட்டதே, எந்த ஜன்னல் எங்கே என்று யாருக்குத் தெரியும்? தொல்லியல் துறை வருடக்கணக்கில் தோண்டி, 2004இல் ஒரு கை எலும்பு கிடைத்தது.

அதை ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு அனுப்பினார்கள். குமாரசாமி தங்கராஜ் குழு. தாய்வழி டிஎன்ஏவில் யு1பி என்ற வகை வந்தது. அவர்களிடம் இருந்த இந்தியத் துணைக்கண்டத்து மாதிரிகள் 22,000க்கு மேல், அதில் ஒருவரிடமும் இந்த வகை இல்லை. ஜார்ஜியாவிலிருந்து 30 பேர் மாதிரி வாங்கிப் பார்த்தார்கள், 2 பேரிடம் இருந்தது. அதே வளாகத்தில் எடுத்த வேறு இரண்டு எலும்புகள் நம் பக்கத்து வகையாக இருந்தன, அதனால் அவற்றை விட்டுவிட்டார்கள். 2021 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் திபிலிசிக்குப் போய் ஒரு பகுதியை நேரில் ஒப்படைத்தார். ஜார்ஜியாவில் அன்று பெரிய விழா.

கரிமம்_14:

மலர், கெத்தேவானை மறந்ததற்கு மன்னிக்கவும், உண்மையில் லூக்காவைவிட இது பலமான வழக்கு. காரணம் டிஎன்ஏ மட்டும் இல்லை, ஆவணம். கொன்ற வருடம், கொண்டுவந்த வருடம், வைத்த இடம் எல்லாம் எழுதியிருக்கிறது, சொன்ன இடத்தில் தோண்டியபோது கோவாவில் இருக்க வேண்டிய காரணமே இல்லாத ஒரு டிஎன்ஏ வருகிறது. 17ஆம் நூற்றாண்டுக் கோவாவில் ஒரு மடத்துக்குள் இன்னொரு ஜார்ஜியப் பெண்மணி புதைந்திருக்க எத்தனை வாய்ப்பு? சான்று என்பது இப்படி இரண்டு மூன்று பக்கத்திலிருந்து வந்து ஒரு இடத்தில் சந்திக்க வேண்டும்.

முத்துக்குளித்துறை:

கோபுரத்தைப் பார்த்தேன் மலர், 'ஏதோ இடிந்த கோவில்' என்று போட்டோ எடுத்துவிட்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

கரிமம் சார், அப்படியென்றால் சவேரியாரை ஏன் சோதிக்கவில்லை?

கரிமம்_14:

எதைச் சோதிக்க? 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவில் இறந்தார், புதைத்தார்கள், எடுத்து மலாக்காவுக்குக் கொண்டுபோனார்கள், 1554இல் கோவா. வலக்கை 1614இல் ரோமுக்குப் போனது. ஒவ்வொரு படிக்கும் அந்தக் காலத்துக் கடிதமும் சாட்சியும் உண்டு. கார்பன் கணக்குப் போட்டால் '16ஆம் நூற்றாண்டு' என்று வரும், அது ஏற்கெனவே தெரியும். கேள்வி இருந்தால்தான் எலும்பைத் துளைக்க வேண்டும். மச்சான் கேட்ட 'இது அவரா' என்பது ஒரு கேள்வி, சவேரியார் உடல் 'ஏன் அழியவில்லை' என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

ஓய்வு வாத்தியார்:

புதைக்கும்போது சுண்ணாம்பு போட்டுத்தான் புதைத்தார்கள், சதை சீக்கிரம் கரைந்து எலும்பை மட்டும் எடுத்துப்போகலாம் என்று. சில மாதம் கழித்துத் திறந்தால் உடல் அப்படியே இருந்தது. எனக்கு அது அற்புதம்தான், யாரும் என்னோடு வாதாட வேண்டாம்.

ஆனால் அழியாத உடல் என்று சொல்லப்படுவது எல்லாமே அப்படி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இத்தாலியில் கொர்த்தோனா ஊர் மார்கரெட் அம்மாள், 1297இல் இறந்தவர், பல நூற்றாண்டாக அழியாத உடல் என்றே பெயர். 1980களில் எசியோ ஃபுல்கேரி என்ற மருத்துவப் பேராசிரியர் பார்த்தால், வயிற்றிலும் மார்பிலும் தொடையிலும் அறுத்துத் தைத்த தழும்பு. ஊர்க்காரர்களே ஆசையோடு பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஏமாற்று இல்லை, பதப்படுத்தியதைப் பின்னால் வந்தவர்கள் மறந்துவிட்டார்கள். லூர்து பெர்னதெத்தம்மாள் முகத்தில் இருப்பதும் மெல்லிய மெழுகு முகமூடிதான், அதைச் சபையே மறைக்கவில்லை.

கறுப்பு மை:

வாத்தியார் ஐயா நேர்மையாகப் பேசுகிறார், எனக்கு வேலை குறைந்துவிட்டது. சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். ரோமில் பன்னிரு திருத்தூதர் பேராலயத்தில் இயேசுவின் திருத்தூதர்களில் ஒருவரான சின்ன யாகப்பரின் தொடை எலும்பு என்று 6ஆம் நூற்றாண்டு முதல் வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த கோரே லுண்ட் ராஸ்முசென் குழு 2021இல் கணக்குப் போட்டது, கி.பி. 214 முதல் 340 வரை. யாகப்பர் 1ஆம் நூற்றாண்டு ஆள். முடிந்ததா?

ஓய்வு வாத்தியார்:

அவ்வளவு காலம் எண்ணெயும் மெழுகும் பட்ட எலும்பு தம்பி. கணக்கு தவறியிருக்கலாமே? மீன் அதிகம் சாப்பிட்டாலும் கணக்கு மாறும் என்று எங்கோ படித்தேன், திருத்தூதர்கள் கலிலேயாக் கடற்கரைக்காரர்கள்.

கரிமம்_14:

ஐயா, மீன் விஷயம் நிஜம், ஆனால் எதிர்ப்பக்கம் இழுக்கும். கடலில் உள்ள கார்பனில் ஒரு பகுதி ஆழத்தில் வெகுகாலம் கிடந்து மேலே வருவது, அதனால் அதில் கார்பன்-14 குறைவு. மீனையே தின்று வாழ்ந்தவரின் எலும்பு உள்ளதைவிடப் பழையதாகக் காட்டும். சில ஏரி, ஆற்று மீனுக்கும் இதே கதை. ஆக அந்த ஆள் மீன் சாப்பிட்டவர் என்றால் உண்மையில் இன்னும் பிந்தியவர், யாகப்பரிடமிருந்து இன்னும் விலகிப் போகிறார்.

எண்ணெய், மெழுகு பட்டால் புதியதாகக் காட்டும் என்பது சரி. அதற்காகத்தான் எலும்பை அப்படியே எரிக்காமல் உள்ளே இருக்கும் கொல்லாஜன் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கழுவுகிறோம். அதே கோவிலில் திருத்தூதர் பிலிப்பு பெயரில் உள்ள எலும்பைச் சுத்தம் செய்வது கடினம் என்று அந்தக் குழு கணக்கே போடவில்லை. முடியாததை முடியாது என்று விட்டவர்கள், முடிந்ததில் சொன்னதை நான் நம்புகிறேன். அது சின்ன யாகப்பர் இல்லை.

ஆனால் 3, 4ஆம் நூற்றாண்டு எலும்பு என்பதும் சும்மா இல்லை. 6ஆம் நூற்றாண்டில் திருத்தூதரின் எலும்பைத் தேடிப் போனவர்கள் சமீபத்தில் செத்த எவனுடையதையோ அள்ளி வரவில்லை, ஒரு பழைய கிறிஸ்தவக் கல்லறையைத் திறந்து உண்மையாகவே நம்பித்தான் எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. பல்கேரியாவில் சொசோபோல் பக்கத்துத் தீவில் 2010இல் ஒரு பழைய கோவில் பீடத்தடியில் சின்னச் சலவைக்கல் பேழை கிடைத்தது, பக்கத்தில் இன்னொரு சிறு பெட்டி, அதில் திருமுழுக்கு யோவான் பெயரும் அவர் திருநாளான ஜூன் 24 என்ற தேதியும் கிரேக்க மொழியில். ஆக்ஸ்போர்டில் விரல் எலும்பைச் சோதித்தவர்கள் பிற்காலத்து எலும்பு என்றே எதிர்பார்த்தார்கள், 1ஆம் நூற்றாண்டு என்று வந்தது. கோபன்ஹேகனில் பார்த்த டிஎன்ஏவும் மத்திய கிழக்கு ஆண் என்றது. யோவானா? 1ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்தில் யோவான் ஒருவர் மட்டுமா வாழ்ந்தார்? அதே பேழையில் ஆடு, மாடு, குதிரை எலும்பும் இருந்தது, அவை இன்னும் 400 வருடம் பழையவை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

மலர்_பனாஜி:

எங்கள் பக்கத்து வீட்டு மலையாளி அக்கா கேட்கச் சொல்கிறார், மயிலாப்பூர் தோமையார்?

ஓய்வு வாத்தியார்:

மயிலாப்பூரில் கல்லறைதான் முக்கியம் அம்மா. உடல் பழங்காலத்திலேயே எதேசாவுக்கு (இன்றைய துருக்கியில் இருக்கிறது) போய்விட்டது, பிறகு கியோஸ் தீவு, 1258 முதல் இத்தாலியில் ஓர்த்தோனா. அங்கிருந்து ஒரு எலும்பை 1953இல் கேரளாவுக்குக் கொண்டுவந்து கொடுங்கல்லூர்ப் பக்கம் வைத்தார்கள், அக்காவுக்கு அது தெரிந்திருக்கும். சாந்தோமில் இருப்பது சிறு எலும்புத் துண்டும் ஈட்டி முனையும்.

முத்துக்குளித்துறை:

ஒரு சந்தேகம், சோதிக்க எவ்வளவு எலும்பு வெட்டுவார்கள்? அம்மா கேட்டால் சொல்ல வேண்டும்.

கரிமம்_14:

1950களில் என்றால் ஒரு பெரிய துண்டே போய்விடும், எந்த ஆயரும் சம்மதிக்க மாட்டார். இப்போது அணுக்களையே எண்ணும் கருவி வந்தபிறகு சில நூறு மில்லிகிராம் போதும். ஒரு சிட்டிகை அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வெளியே தெரியாத பக்கத்தில் துளைத்து எடுப்பார்கள்.

முத்துக்குளித்துறை:

நேற்று ராத்திரி அம்மாவுக்கு இதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். ஜோன் கதைக்குச் சிரித்தார், யாகப்பர் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. லூக்கா வந்ததும் நிறுத்தச் சொல்லி, அந்த முதுகெலும்பு வரியைத் திரும்ப வாசி என்றார். அம்மாவுக்கு முதுகுத்தண்டு தேய்ந்து இரண்டு வருடமாக பெல்ட் போட்டுத்தான் எழுந்து நடக்கிறார். "வைத்தியருக்கே இப்படியா இருந்தது?" என்று கேட்டுவிட்டு, அவருக்கு எந்த இடத்தில் வலி, இடுப்பிலா கழுத்திலா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். தெரியுமா சார்?

கரிமம்_14:

வலி எங்கே என்று எலும்பு சொல்லாது, தேய்மானம் எங்கே என்று மட்டும்தான் சொல்லும். நான் படித்ததில் முதுகெலும்பு என்றுதான் இருந்தது. அந்தக் கட்டுரைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அம்மா பெல்ட்டை ரொம்ப இறுக்கிக் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.